மின்னூட்டமும் அதைச் சூழ்ந்த புலமும்

மின்புலத்தைப் பற்றிச் சற்று விரிவாக எழுதவேண்டும் என்ற விருப்பம் நெடுநாளாக என் மனத்தில் இருந்துவருகிறது. மேல்நிலைப் பள்ளியில் பௌதிகம் பயின்ற எவரையும் நிறுத்தி, மின்புலம் என்றால் என்னவென்று கேட்டுப்பாருங்கள். ஓரலகு நேர்மின்னூட்டத்தை ஓரிடத்தில் வைத்தால் அதன்மேல் செயற்படும் விசையே அவ்விடத்து மின்புலம் என்ற விடை தடங்கலின்றி வந்துவிடும். விடையில் பிழையேதும் இல்லை. ஆயினும், அந்த ஓரலகு மின்னூட்டத்தை அங்கிருந்து எடுத்துவிட்ட பிறகு அவ்விடத்தில் எஞ்சியிருப்பது என்ன என்று மேற்கொண்டு வினவினால், விடை சொன்னவர் பெரும்பாலும் மௌனமாகிவிடுகிறார். இலக்கணத்தை ஒரு வரியிலும் சூத்திரத்தை அடுத்த வரியிலும் தந்துவிட்டு உடனே கணக்குகளுக்குப் போய்விடுகிற நம் பாடநூல்களின் அவசரமே அந்த மௌனத்துக்குக் காரணம் என்பது என் துணிபு. விசாரிக்கத் தகுந்த விஷயம் முழுவதும் அந்த இரண்டாவது கேள்வியில் அடங்கியிருக்கிறது; ஆகையால், நண்பர்களே, சூத்திரங்களை ஒதுக்கி வைத்துவிட்டு அந்தக் கேள்வியை மட்டும் பற்றிக்கொண்டு நிதானமாகச் சிறிது தூரம் போய்ப்பார்ப்போம்.

1785-ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பொறியாளரான ஷார்ல் கூலும், மெல்லிய கம்பியொன்றில் தொங்கவிட்ட கோலின் முறுக்கத்தைக் கொண்டு மிகச் சிறிய விசைகளையும் அளக்கவல்ல ஒரு தராசை அமைத்து, மின்னூட்டம் பெற்ற இரு சிறு குண்டுகளுக்கிடையே உள்ள விசை அவற்றின் இடைத்தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைந்துசெல்வதை நிலைநாட்டினார். தொலைவை இரட்டித்தால் விசை நான்கில் ஒரு பங்காகிறது. மும்மடங்காக்கினால் ஒன்பதில் ஒரு பங்காகிறது. இவ்வளவு துல்லியமான விதி கைக்கு வந்தபிறகும் ஒரு சங்கடம் தீரவில்லை. இங்கே இருக்கும் குண்டு, இடையில் யாதொரு தொடர்பும் இல்லாமல், அங்கே இருக்கும் குண்டை எவ்வாறு இழுக்கிறது? புவியீர்ப்பு விஷயத்தில் இதே சங்கடம் நியூட்டனையே வாட்டியிருக்கிறது என்பதை, 1693-இல் ரிச்சர்ட் பென்ட்லி என்ற அறிஞருக்கு அவர் எழுதிய கடிதத்திலிருந்து அறிகிறோம். உயிரற்ற ஜடப்பொருளொன்று, இடையே எந்தச் சாதனமும் இன்றி, வெற்றிடத்தினூடே தொலைவிலுள்ள மற்றொன்றின்மீது செயற்படுகிறது என்பதைத் தத்துவ விஷயங்களில் சிந்திக்கத் தெரிந்த எவரும் ஒப்பமாட்டார் என்பது அவருடைய கருத்து. ஆனால் அவருக்குப் பின்வந்த கணித மேதைகளில் பெரும்பாலோர், விதி சரியாக இருக்கிறது, கணக்கு பொருந்துகிறது, அதற்குமேல் கேட்பானேன் என்ற திருப்தியில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இருந்துவிட்டார்கள்.

அந்தத் திருப்தியைக் கலைத்தவர், கொல்லர் ஒருவரின் மகனாக 1791-இல் பிறந்து, இளம்பருவத்தில் புத்தகம் கட்டும் தொழிலில் பயிற்சியாளாக அமர்ந்து, கட்டுவதற்கு வந்த புத்தகங்களைப் படித்தே விஞ்ஞானத்துக்குள் நுழைந்த மைக்கேல் ஃபாரடே. உயர்கணிதத்தில் பயிற்சி இல்லாத அவருக்குச் சூத்திரத்தோடு நின்றுவிடும் சௌகரியம் இருக்கவில்லை. கண்ணால் காண்பதையும், காண்பதுபோல மனத்தில் வரைந்துகொள்ளக் கூடியதையுமே அவர் நம்பினார். மின்னூட்டம் பெற்ற பொருளிலிருந்து நாற்புறமும் விசைக்கோடுகள் புறப்பட்டுச் சென்று, எதிரான மின்னூட்டத்தில் போய் முடிவதாக அவர் கண்டார். இது வெறும் கற்பனைச் சித்திரம் என்று சொன்னவர்களுக்கு அவர் ஒரு பரிசோதனையால் விடையளித்தார். ஒன்றினுள் ஒன்றாக அமைந்த இரண்டு பித்தளைக் கோளங்களுக்கு இடைப்பட்ட வெளியை முதலில் காற்றாலும், பிறகு அரக்கு, கந்தகம், கண்ணாடி முதலியவற்றாலும் நிரப்பிப் பார்த்தபோது, அதே கோளங்கள் ஏற்கும் மின்னூட்டத்தின் அளவு இடையிலுள்ள பொருளுக்கேற்ப மாறுவதை 1837-இல் கண்டறிந்தார். இங்கிருந்து அங்கே நேராகத் தாவுவதே மின்விசையின் இயல்பு என்றால், நடுவே காற்று இருந்தாலென்ன, கந்தகம் இருந்தாலென்ன? இடைவெளியில் உள்ளது மாறும்போது காரியமும் மாறுகிறது. ஆகவே காரியம் நடப்பது இடைவெளியில்தான்.

மின்புலம் என்பதன் உட்பொருள் இவ்வளவே. ஒரு மின்னூட்டம் தன்னைச் சூழ்ந்த வெளி முழுவதிலும், ஒவ்வொரு புள்ளியிலும், ஒரு விசேஷ நிலையை உண்டாக்கிவைக்கிறது. அந்தப் புள்ளிக்கு வந்துசேரும் வேறொரு மின்னூட்டம், தொலைவில் இருப்பதைப் பற்றி எதுவும் அறியவேண்டிய அவசியமின்றி, தான் நிற்கும் இடத்தின் நிலைக்கு மட்டும் கட்டுப்பட்டு நகர்கிறது. மலைச்சரிவை எண்ணிக்கொள்ளுங்கள், நீரை ஊற்றினால் அது எந்தத் திசையில் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை, ஊற்றுவதற்கு முன்பே அந்த இடத்தின் சரிவு நிர்ணயித்துவைத்திருக்கிறது, யாரும் ஒருபோதும் அங்கே நீர் ஊற்றாவிட்டாலும் சரிவு சரிவாகவே இருக்கிறது. மின்புலத்தை வோல்ட் மீட்டருக்கு இவ்வளவு என்ற அலகில் அளப்பதும் சரிவை அளப்பதற்கு இணையான காரியமே: ஒரு மீட்டர் நகர்ந்தால் மின்னழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்பதே அந்த எண்ணின் அர்த்தம். ஆனால் நீரைப் போல எல்லா மின்னூட்டமும் ஒரே பக்கம் ஓடிவிடுவதில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்கவேண்டும். நேர்மின்னூட்டம் புலத்தின் திசையிலும் எதிர்மின்னூட்டம் அதற்கு நேர் எதிராகவும் உந்தப்படுகின்றன.

அந்த உந்தலின் வலிமையை நம்மில் பலர் எண்ணிப்பார்த்திருக்க மாட்டோம். மீட்டருக்கு 100 வோல்ட் என்ற எளிய புலத்தில், வெற்றிடத்தில் விடப்பட்ட ஓர் எலெக்ட்ரான் அடையும் முடுக்கம், கையிலிருந்து நழுவி விழும் கல்லின் முடுக்கத்தைப்போல் ஏறக்குறைய 1.8 லட்சம் கோடி மடங்கு. அதே இடத்தில் விடப்பட்ட புரோட்டான்மீது அதே அளவு விசை எதிர்த்திசையில் செயற்பட்டாலும், அதன் நிறை 1836 மடங்கு அதிகமாதலால், முடுக்கம் அத்தனை மடங்கு குறைந்துவிடுகிறது. மின்னூட்டம் ஓய்ந்து நின்றாலும் ஓடிக்கொண்டிருந்தாலும் மின்புலம் அதனை உந்தும். காந்தப்புலமோ ஓடுகின்ற மின்னூட்டத்தை மட்டுமே திருப்பவல்லது. மொத்த மின்னூட்டம் பூஜ்யமாகவுள்ள பொருள்கூட மின்புலத்துக்குத் தப்புவதில்லை. தலைவாரிய சீப்பு காகிதத் துணுக்குகளை இழுக்கும்போது, துணுக்கினுள்ளே இருக்கும் நேர், எதிர் மின்னூட்டங்கள் எதிரெதிர்ப் பக்கமாகச் சிறிது விலகுகின்றன. சீப்புக்கு அருகில் புலம் வலியதாகவும் அப்பால் மெலிந்தும் இருப்பதால், அருகே வந்த பகுதியின் ஆகர்ஷணம் அப்பால் போன பகுதியின் விலக்கத்தை வென்றுவிடுகிறது.

இதுவரை சொன்னது, புலம் ஆணையிடுகிறது, மின்னூட்டம் கீழ்ப்படிகிறது என்ற ஒருவழிக் கதை. பாடநூல்கள் பெரும்பாலும் இத்துடன் நின்றுவிடுகின்றன. எனக்கோ, விஷயத்தின் உயிர் இதற்கு மறுபாதியில் இருப்பதாகத் தோன்றுகிறது. நகர்ந்த மின்னூட்டமும் மின்னூட்டமே அல்லவா? அதற்கும் ஒரு புலம் உண்டல்லவா? தான் நகர்ந்ததன் மூலமாகவே அது, தன்னை நகர்த்திய புலத்தை மாற்றியமைத்துவிடுகிறது. மாறிய புலம் மீண்டும் மின்னூட்டங்களை நகர்த்துகிறது. இந்தப் பரஸ்பர சம்பந்தத்தைக் கண்டுகொள்ளாதவரை மின்னியலில் பல காரியங்கள் புதிராகவே நின்றுவிடும்; கண்டுகொண்டால், ஒன்றோடொன்று தொடர்பற்றவைபோல் தோன்றும் பல நிகழ்ச்சிகள் ஒரே காரணத்திலிருந்து பிறப்பது விளங்கும்.

மீண்டும் ஃபாரடேயிடமே போவோம். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனின் விரிவுரைக் கூடத்தில், 1836-இன் தொடக்கத்தில், பக்கத்துக்குப் பன்னிரண்டு அடி உள்ள கனசதுரமான ஓர் அறையை அவர் கட்டுவித்தார். மரச்சட்டத்தின்மேல் குறுக்கும் நெடுக்குமாகச் செப்புக் கம்பிகளை ஓட்டி, அவற்றோடு ஒட்டினாற்போல் காகிதம் போர்த்தி, வெள்ளீயத் தகட்டுப் பட்டைகளையும் பதித்து, அந்த அறை முழுவதையும் தரையோடு மின்தொடர்பில்லாதவாறு நிறுத்தினார். பிறகு பெரிய மின்பொறியொன்றைக் கொண்டு அறைக்கு வெளிப்புறத்தில் மின்னூட்டம் ஏற்றச் செய்து, தாம் உள்ளே சென்று தங்கினார். வெளியே சுவர்களின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் பொறிகள் பறந்துகொண்டிருக்க, உள்ளே எரியும் மெழுகுவர்த்திகளும் மின்காட்டிகளும் வேறு கருவிகளும் கொண்டு அவர் சோதித்துப் பார்த்ததில், மின்சாரத்தின் சுவடுகூட அகப்படவில்லை.

சுவர்கள் புலத்தை முட்டி நிறுத்திவிட்டன என்று சொல்லிவிடத் தோன்றும். உண்மை அதைவிட நுட்பமானது. வெளியிலுள்ள மின்னூட்டத்தின் புலம் எதனாலும் தடுக்கப்படாமல் அறையினுள்ளும் வியாபிக்கத்தான் செய்கிறது. ஆனால் சுவரின் உலோகத்தில் தங்குதடையின்றித் திரியவல்ல எலெக்ட்ரான்கள் அந்தப் புலத்தால் உந்தப்பட்டு ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் நிற்க, அவ்வாறு இடம்மாறிய மின்னூட்டங்களின் புலம் முந்தைய புலத்துக்கு நேர் எதிராக உள்ளே வந்து நிற்கிறது. உலோகத்தினுள் சிறிதளவேனும் புலம் எஞ்சியிருக்கும்வரை எலெக்ட்ரான்கள் நகர்ந்துகொண்டே இருக்கும். ஆகையால் அவை ஓய்வதும் புலம் பூஜ்யமாவதும் ஒரே கணத்தில் நிகழ்கின்றன. உள்ளே இருப்பது இரண்டு புலங்களின் கூட்டுத்தொகை. அந்தத் தொகை ஒன்றுமில்லாமற் போய்விடுகிறது. மின்னல் தாக்கிய காருக்குள்ளே அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் பத்திரமாக வெளிவருவதும் இந்தக் கணக்கினால்தான், ரப்பர் டயர்களால் அல்ல. மேகத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் காற்றைப் பிளந்துகொண்டு வந்த மின்னலுக்கு டயரின் உயரம் ஒரு பொருட்டன்று.

நாம் அன்றாடம் மின்புலத்தினுள்ளேயே நடமாடுகிறோம் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். மேகமற்ற நாளில் திறந்த வெளியில், தரையை ஒட்டிய காற்றில், மீட்டருக்கு 100 முதல் 150 வோல்ட் அளவில் கீழ்நோக்கிய புலமொன்று எங்கும் பரவியிருக்கிறது. அப்படியானால் நிற்பவர் ஒருவரின் மூக்குக்கும் பாதத்துக்கும் இடையே ஏறக்குறைய 200 வோல்ட் இருக்கவேண்டுமே, அதிர்ச்சி ஏன் தாக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். காரணம் ஃபாரடேயின் அறையில் கண்டதுதான்: நம் உடல் போதிய அளவு மின்கடத்தியாதலால், நாம் வெளியில் வந்து நின்றவுடனேயே உடலின் மின்னூட்டங்கள் சிறிதே இடம்மாறித் தலைமுதல் கால்வரை ஒரே மின்னழுத்தத்தைக் கொண்டுவந்துவிடுகின்றன, புலம் நம் உடலைச் சுற்றி வளைந்துபோகிறது. இந்தப் புலம் இருப்பதிலிருந்து, பூமியின் பரப்பில் ஏறக்குறைய ஐந்து லட்சம் கூலும் எதிர்மின்னூட்டம் இருப்பதாகக் கணக்கிடலாம். ஆனால் காற்று முழுமையான மின்காப்பி அன்று. அதிலுள்ள அயனிகள் இந்தப் புலத்தால் உந்தப்பட்டு நகர, உலகம் முழுவதும் சேர்த்து ஆயிரம் ஆம்பியருக்குக் குறையாத மின்னோட்டம் ஓயாமல் பூமிக்குள் இறங்கி அந்த மின்னூட்டத்தைக் கரைத்துவருகிறது. ஈடுசெய்ய ஏதும் இல்லையென்றால் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பகுதி தீர்ந்துபோயிருக்கும்.

ஈடுசெய்வது எது என்பதற்கான சாட்சி கடலிலிருந்து கிடைத்தது. பூமியின் காந்தத்தை அளப்பதற்கென்றே காந்தத்தன்மையற்ற பொருள்களால் கட்டப்பெற்று 1909 முதல் 1929 வரை சமுத்திரங்களில் சஞ்சரித்த ‘கார்னெகி’ என்ற ஆராய்ச்சிக் கப்பல், காற்றின் மின்புலத்தையும் அளந்துவந்தது. கப்பல் எந்தச் சமுத்திரத்தில் இருந்தாலும், அவ்விடத்தில் பகலா இரவா என்பதைச் சாராமல், கிரீன்விச் நேரம் மாலை ஏழு மணி வாக்கில் புலம் உச்சத்தை அடைவது அந்த அளவீடுகளால் தெரியவந்தது. நம் நாட்டுக் கடிகாரத்தில் அது நள்ளிரவு கடந்து அரைமணி. அமெரிக்கக் கண்டங்களிலோ இடிமழை ஓங்கி நிற்கும் பிற்பகல். உலகெங்கும் பெய்யும் இடிமழைகளே பூமியின் மின்னூட்டத்தை மீண்டும் மீண்டும் நிரப்புகின்றன என்ற கொள்கைக்கு இதைவிட அழகிய சான்று வேண்டுமா? எங்கோ அமேசான் காட்டின்மேல் இடி முழங்குவதன் அளவு, நாம் உறங்கிக்கொண்டிருக்கையில், நம் வீட்டு முற்றத்துக் காற்றில் ஒரு சிறு ஏற்றமாகப் பதிவாகிறது.

இனி நான் மிகவும் விரும்பும் வரலாற்றுக்கு வருகிறேன். காற்று நீக்கிய கண்ணாடிக் குழாயில் உயர் மின்னழுத்தம் கொடுத்தால், எதிர்மின்முனையிலிருந்து ஒருவகைக் கதிர்கள் புறப்பட்டு எதிர்ப்புறக் கண்ணாடியை ஒளிரச் செய்வது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நன்கு அறியப்பட்டிருந்தது. அவை மின்னூட்டமுள்ள துகள்களின் ஓட்டமா, ஒளியைப் போன்ற அலையா என்பதே அக்காலத்துப் பெரும் வாதம். துகள்களாக இருந்தால் மின்புலத்தில் வளையவேண்டும். 1883-இல், பெர்லினில், ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ் என்ற இளம் விஞ்ஞானி கதிர்களை இரண்டு தகடுகளுக்கிடையே செலுத்தி, தகடுகளுக்கு மின்னழுத்தம் கொடுத்துப் பார்த்தார். கதிர்கள் வளையவில்லை, ஆகவே அவற்றுக்கு மின்னூட்டம் இல்லை என்ற முடிவுக்கு அவர் வந்தார். ஒப்பற்ற பரிசோதனைத் திறன் படைத்தவர் அவர். 1865-இல் மாக்ஸ்வெல் தம் சமன்பாடுகளால் முன்னுரைத்த மின்காந்த அலைகளை, இந்த நிகழ்ச்சிக்குச் சில ஆண்டுகளுக்குப் பிறகு கார்ல்ஸ்ரூஹே நகரில் உண்டாக்கிக் காட்டி, புலம் என்பது வெறும் கணித சௌகரியம் அன்று, தானே ஆற்றலைச் சுமந்துகொண்டு வெளியில் பயணம் செய்யும் மெய்ப்பொருள் என்பதைப் பிரத்தியட்சமாக நிரூபித்தவரும் அவரே. அப்பேர்ப்பட்டவருக்கு வளைவு தெரியாமற் போனது ஏன்?

விடை 1897-இல் கேம்பிரிட்ஜில், கேவென்டிஷ் ஆய்வகத்தில் ஜே. ஜே. தாம்சனுக்குக் கிடைத்தது. முதலில் அவருக்கும் வளைவு தெரியவில்லை. ஆனால் குழாயில் எஞ்சிய வாயுவின்மேல் அவர் சந்தேகம் கொண்டார். கதிர்கள் ஊடுருவும்போது அந்த வாயுவின் மூலக்கூறுகள் சிதைந்து நேர், எதிர் அயனிகளாகின்றன. நேர் அயனிகள் எதிர்த் தகட்டின் பக்கமும், எதிர் அயனிகள் நேர்த் தகட்டின் பக்கமும் இழுக்கப்பட்டுக் குவிகின்றன. குவிந்தவற்றின் புலம் தகடுகளின் புலத்துக்கு எதிராக அமைந்து நடுவெளியை வெறுமையாக்கிவிடுகிறது. ஃபாரடேயின் அறையில் உலோகத்தின் எலெக்ட்ரான்கள் செய்த வேலையை, இங்கே ஹெர்ட்ஸின் குழாயில் மிச்சமிருந்த சிறிதளவு வாயுவே செய்துமுடித்திருந்தது. தகடுகளில் மின்னழுத்தம் இருந்தது; கதிர்கள் சென்ற வழியிலோ புலம் இருக்கவில்லை. தாம்சன் வாயுவை மேன்மேலும் வெளியேற்றி வெற்றிடத்தைச் செம்மைப்படுத்தினார். அப்போது, ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளியில் நின்ற தகடுகளுக்கிடையே இரண்டே இரண்டு வோல்ட் கொடுத்தபோதுகூட ஒளிப்புள்ளி விலகுவதைக் காணமுடிந்தது. மின்புலத்தின் விலகலையும் காந்தப்புலத்தின் விலகலையும் ஒப்பிட்டு, அத்துகளின் மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதம் ஹைட்ரஜன் அயனிக்கு உள்ளதைப்போல் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு என்று அவர் கணித்தார். நாம் இன்று எலெக்ட்ரான் என்று அழைக்கும் துகள் அவ்வாறு அறியப்பட்டது. ஹெர்ட்ஸ் அதைக் காணவில்லை. 1894-ஆம் ஆண்டின் முதல் நாளில், முப்பத்தாறே வயதில், அவர் காலமாகிவிட்டிருந்தார். இந்த வரலாற்றை நினைக்கும்போதெல்லாம், புலத்தின் மெய்ம்மையை உலகுக்குக் காட்டிய மனிதருக்கே புலத்தின் இந்த மறுபாதி அன்று அகப்படாமல் நழுவியதை எண்ணி எனக்கு உள்ளம் கனிகிறது.

அந்தத் துகளின் மின்னூட்டத்தைத் தனியே அளந்தவர் சிகாகோவின் ராபர்ட் மில்லிகன். தெளித்த எண்ணெய்த் துளியொன்றைக் கிடைநிலையான இரு உலோகத் தகடுகளுக்கிடையே விட்டு, ஈர்ப்பினால் விழவேண்டிய அதனை மின்புலத்தால் மேலே தூக்கியும் இறங்கவிட்டும், அதன் வேகங்களை மணிக்கணக்கில் கவனித்து, 1913-இல் அவர் வெளியிட்ட மதிப்பு இன்றைய மதிப்பிலிருந்து நூற்றுக்கு ஒரு பங்குகூட விலகியதன்று. கண்ணுக்கு எட்டாத மிகச் சிறிய மின்னூட்டத்தை, கண்ணுக்குத் தெரியும் ஒரு துளியின் ஏற்ற இறக்கமாக மாற்றிக்காட்டியது புலம்.

வீட்டில் விளக்கின் விசையைப் போட்டவுடன் வெளிச்சம் வருவதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள செப்புக் கம்பியில் ஓர் ஆம்பியர் ஓடும்போது, எலெக்ட்ரான்களின் சராசரி நகர்வு நொடிக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வீடுகளுக்கு வரும் மாறுதிசை மின்னோட்டத்தில் அவை முன்னும் பின்னுமாக அசைவதோடு சரி. விரைந்து ஓடுவது புலம். விசையைப் போட்ட கணத்தில், கம்பியின் மேற்பரப்பில் மின்னூட்டங்கள் மிகச் சிறிய அளவில் கூடியும் குறைந்தும் தம்மைத் திருத்திக்கொள்ள, அவற்றின் புலம் கம்பி எப்படி வளைந்தாலும் அதன் வழியே செல்லுமாறு அமைந்துவிடுகிறது. அந்த அமைவு ஒளியின் வேகத்தோடு ஒப்பிடத்தக்க வேகத்தில் பரவ, எல்லா இடத்து எலெக்ட்ரான்களும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் அசையத் தொடங்குகின்றன. இங்கும் அதே பரஸ்பர சம்பந்தம்.

ஆனால் அந்த சம்பந்தம் மிகவும் பூரணமாகத் தொழிற்படுவதைக் காண்பதற்கு நம் நரம்புகளுக்குள்ளேதான் போகவேண்டும். ஓய்ந்திருக்கும் நரம்புச் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறக்குறைய 70 மில்லிவோல்ட் தாழ்ந்திருக்கிறது. கேட்பதற்கு அற்பமான எண். ஆனால் அந்த வேறுபாடு முழுவதும் 7 நானோமீட்டர் அளவே தடிமனுள்ள சவ்வின் குறுக்கே நிற்பதால், அங்குள்ள புலம் மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட். காற்றில் மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் வந்தாலே பொறி பறந்துவிடும். இத்தகைய வலிய புலத்தினுள்ளே, சோடியம் அயனிகள் செல்வதற்கான வாயில்களைக் கொண்ட புரதங்கள் பதிந்திருக்கின்றன. அவற்றில் நேர்மின்னூட்டம் ஏந்திய ஒரு பகுதி, புலத்தால் உட்புறமாக இழுக்கப்பட்டு, வாயில் மூடிய நிலையிலேயே இருக்குமாறு செய்கிறது. ஏதோ ஒரு தூண்டுதலால் புலம் சற்றுத் தளர்ந்தால், அந்தப் பகுதி வெளிப்புறமாக நகர்ந்து வாயிலைத் திறந்துவிடுகிறது. சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. நேர்மின்னூட்டத்தோடு பாய்ந்த அவை புலத்தை மேலும் தளர்த்தி, ஒரு மில்லிநொடிக்குள் அதன் திசையையே புரட்டிவிடுகின்றன. அடுத்த இடத்துச் சவ்விலும் அதனால் புலம் தளர்ந்து, அங்குள்ள வாயில்களும் திறக்கின்றன. இதுவே நரம்புத் துடிப்பு. கணவாய் மீனின் பருத்த நரம்பிழையை ஆராய்ந்து 1952-இல் இந்த நிகழ்ச்சியைக் கணித வடிவில் தந்த ஹாட்கினும் ஹக்ஸ்லியும், சவ்வினுள் புலத்தால் நகரும் மின்னூட்டம் பெற்ற ஏதோ ஒன்று இருந்தாகவேண்டும் என்று அனுமானித்தார்கள். வாயில் திறப்பதற்குச் சற்று முன்னதாக அந்த மின்னூட்டம் நகர்வதால் எழும் மிகச் சிறிய மின்னோட்டத்தை, அதே கணவாயின் நரம்பிழையில், 1973-இல் ஆர்ம்ஸ்ட்ராங்கும் பெசானில்யாவும் அளந்துகாட்டினார்கள்.